குண்டு எழுத்து எதற்கு?



கம்ப்யூட்டரில் ‘பலூ தம்பி’ என்று ஒரு தமிழ் எழுத்துரு இருக்கிறது. மும்பையில் உள்ள ‘ஏக் டைப்’ குழு செய்தது. காசு இல்லாமல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கலாம். எழுத்தெல்லாம் பழைய சுவர் விளம்பரம் மாதிரி குண்டு குண்டாக இருக்கும். பார்த்தாலே சிரிப்பு வரும். ஆண்டு விழா, விளையாட்டு விழா நோட்டீசுக்கு இதுதான் சரி. தூரத்திலேயே நம்மைக் கூப்பிடும்.

அதுக்காக எல்லாவற்றையும் குண்டாகவே எழுதலாமா? கூடாது என்பது என் கருத்து. தமிழுக்குச் சுழியும் புள்ளியும் முக்கியம். கோடு தடிக்கத் தடிக்க உள்ளே இருக்கும் இடம் அடைத்துக்கொள்ளும். சின்னதாக எழுதினால் மூணு சுழி ‘ண’ எது, ரெண்டு சுழி ‘ன’ எது என்றே தெரியாது. ‘மணம்’ போய் ‘மனம்’ ஆகிவிடும்!

காவிரியில் வெள்ளம் வந்தால் ஒகேனக்கல்லில் குளிக்கத் தடை போடுவார்கள். அந்தப் பலகையை விளையாட்டு எழுத்தில் எழுதினால் படிப்பவர்களும் விளையாட்டாகத்தானே நினைப்பார்கள்? எழுத்துக்கூட்டிப் படிக்கிற பாட்டிக்கும் புரிய வேண்டாமா? உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அங்கே தெளிவான, சாதா எழுத்துதான் வேண்டும்.

நம் சுவர்ப் பத்திரிகையிலும் தலைப்பை மட்டும் குண்டாக எழுதுவோம். என்ன சொல்கிறீர்கள்?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி