டேனிஷ்காரர்கள் போய்விட்டார்கள்... சபை தங்கிவிட்டது! தரங்கம்பாடியின் இரண்டு ஆலயங்கள் சொல்லும் கதை

வெண்ணந்தூர், ராசிபுரம் பக்கத்தில் ஒரு வீட்டில் அறுபதாம் கல்யாணம் என்றால், திருக்கடையூருக்கு ஒரு வேன் கிளம்பும். விடிகாலையில் ஹோமம், மாலை மாற்றல், பிறகு சாப்பாடு. வெயில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, பக்கத்துல கடல் இருக்குதாமே?" என்று பின் சீட்டில் இருந்து ஒரு குரல் வரும். கொஞ்ச நேரத்தில் வேன் தரங்கம்பாடியில் நிற்கும்.

அலையில் கால் நனைத்து, டேனிஷ் கோட்டை முன்னால் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பும்போது, கிங் ஸ்ட்ரீட்டில் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இரண்டு பழைய தேவாலயங்களைக் கடந்துதான் எல்லோரும் வருவார்கள். "இத்தனை சின்ன ஊருக்கு எதுக்கு ரெண்டு சர்ச்?" என்று வேனில் ஒரு குழந்தை கேட்டால், பெரியவர்களிடம் பதில் இருக்காது.

அந்தக் கேள்விக்கான பதில், 300 வருடத்துக்கும் மேற்பட்ட ஒரு கதை.

மிளகுக்கும் துணிக்கும் வந்தவர்கள்!

டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் காலத்தில், 1616-ல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது. மிளகும் தமிழ்நாட்டுத் துணியும் அன்றைக்கு ஐரோப்பாவில் நல்ல விலை போன சரக்குகள். 1620-ல் ஓவே ஜெட்டே என்ற தளபதி, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியில் வியாபாரம் செய்யும் உரிமையை வாங்கினார். நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதிக் கொடுத்த ஓலை இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது.

கோட்டை எழுந்தது. அதைச் சுற்றி டேனிஷ்காரர்களின் வீடுகள் வந்தன. அவர்கள் லுத்தரன் கிறிஸ்தவர்கள். அதாவது, மார்ட்டின் லூதர் வழியில் ரோமிடம் இருந்து பிரிந்து வந்த திருச்சபையைச் சேர்ந்தவர்கள். முதலில் கோட்டைக்குள்ளேயே கும்பிட்டார்கள். 1701-ல் தங்களுக்கென்று தனி ஆலயம் கட்டிக்கொண்டார்கள். அதுதான் சீயோன் ஆலயம். ஆராதனை அவர்கள் மொழியில், அவர்கள் குடும்பங்களுக்காக.

அந்த வீடுகளில் சமைத்தவர்கள், துணி துவைத்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள் எல்லாம் தமிழர்கள். அவர்களில் பலர் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகள். டேனிஷ்காரர்கள் வந்து 80 வருடத்துக்கு மேல் ஆகியும், அவர்களிடம் அவர்கள் மொழியில் நின்று பேச யாரும் வரவில்லை.

மணலில் எழுதப் பழகிய இருவர்

1706-ம் ஆண்டு ஜூலை 9. கோபன்ஹேகனில் இருந்து வந்த கப்பலில் இரண்டு இளைஞர்கள் இறங்கினார்கள். ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்க். வயது 23. இன்னொருவர் ஹென்ரிக் புளுட்சௌ. இருவரும் ஜெர்மானியர்கள். அனுப்பி வைத்தவர் டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடெரிக்.

மன்னர் அனுப்பிய ஆட்கள்தான். ஆனாலும், தரங்கம்பாடியில் அவர்களை வரவேற்க யாரும் இல்லை. 'நாம் வியாபாரத்துக்கு வந்திருக்கிறோம், இவர்கள் எதற்கு?' என்பதுதான் கம்பெனிக்காரர்களின் எண்ணம். கோட்டைத் தலைவர் ஹாசியஸ் முகம் கொடுத்தே பேசவில்லை.

இருவரும் தமிழ் படிக்க முடிவு செய்தார்கள். இலக்கணப் புத்தகமோ அகராதியோ கைக்குக் கிடைக்கவில்லை. வயதான ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்து, அவருடைய பள்ளியைத் தங்கள் வீட்டிலேயே நடத்தச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, விரலால் மணலில் எழுத்து எழுதிப் பழகினார்கள். ஐரோப்பிய மொழிகள் தெரிந்த அழகப்பன் என்பவர் சொற்களுக்குப் பொருள் சொல்லிக் கொடுத்தார்.

சீகன்பால்க் வெகு வேகமாகத் தமிழைப் பிடித்துக்கொண்டார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-லேயே விரிவாக ஒரு நூல் எழுதினார். அதை அச்சிட மேலிடம் சம்மதிக்கவில்லை. அது அச்சேறியபோது ஆண்டு 1867!

ஐந்து பேரில் தொடங்கிய சபை

1707 மே 12. முதன்முதலாக ஐந்து பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஐந்து பேரும் டேனிஷ்காரர்களின் வீடுகளில் இருந்த அடிமைகள்.

எஜமானர்களின் ஆலயம் பக்கத்திலேயே இருந்தும், இவர்களுக்குத் தனி ஆலயம் தேவைப்பட்டது. இரண்டு மிஷனரிகளும் தங்கள் கைப்பணத்தைப் போட்டுக் கட்டத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 14-ல் 'எருசலேம்' ஆலயம் திறக்கப்பட்டது. தமிழிலும், கடற்கரை ஊர்களில் அப்போது பலருக்கும் பழக்கமாக இருந்த போர்ச்சுகீசிய மொழியிலும் அங்கே ஆராதனை நடந்தது. பள்ளியும் வந்தது. பெண் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் போட்டார்கள்.

ஒரு விதவைக்காக நான்கு மாதச் சிறை

இது கோட்டைக்குப் பிடிக்கவில்லை. 1708-ல் பகை முற்றியது.

நாவிதர் ஒருவர் இறந்துபோக, அவர் வைத்துவிட்டுப் போன கடன் விவகாரத்தில் அவருடைய மனைவி சிக்கிக்கொண்டார். எதிர்த் தரப்பில் இருந்தவர் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். அந்தப் பெண்ணுக்கு நியாயம் கேட்டு சீகன்பால்க் பேசினார். ஹாசியஸ் அதை அதிகாரத்துக்கு எதிரான கலகமாகப் பார்த்தார். நவம்பர் 19 அன்று சீகன்பால்க் கைது செய்யப்பட்டு, கோட்டைக்குள் நான்கு மாதம் அடைத்து வைக்கப்பட்டார்.

இன்று சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுக்கும் அதே கோட்டைதான். தங்கள் மன்னர் அனுப்பிய போதகரையே டேனிஷ்காரர்கள் பூட்டி வைத்த இடம் அது.

அச்சு வந்தது, காகிதமும் வந்தது!

வெளியே வந்தவர் வேலையை விடவில்லை. லண்டனில் இருந்து ஒரு கிறிஸ்தவ சங்கம் அச்சு இயந்திரம் அனுப்பியது. ஜெர்மனியில் உள்ள ஹாலே நகரில் இருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. அவை அளவில் பெரிதாக இருந்ததால் காகிதம் நிறைய செலவானது. தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். காகிதத் தட்டுப்பாட்டுக்குத் தீர்வாக, பக்கத்தில் பொறையாரில் காகிதப் பட்டறையே அமைத்தார்கள். அந்த இடத்துக்குக் 'கடுதாசிப்பட்டறை' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

தமிழில் அச்சுப் புத்தகம் 1578-லேயே கத்தோலிக்கப் பாதிரியார்களால் வந்துவிட்டது. ஆனால், பைபிளின் புதிய ஏற்பாடு முழுவதும் ஓர் இந்திய மொழியில் அச்சானது, 1715-ல் தரங்கம்பாடியில்தான் முதல் முறை.

முதல் ஆலயம் கடலை ஒட்டி இருந்ததால் தாக்குப்பிடிக்கவில்லை. கொஞ்சம் தள்ளிச் சிலுவை வடிவில் புதிய ஆலயம் கட்டி, 1718 அக்டோபர் 11-ல் திறந்தார்கள். அதுதான் இன்றும் நிற்கும் புதிய எருசலேம் ஆலயம். முகப்பில் டென்மார்க் மன்னரின் முத்திரை இருக்கும். திறந்து நான்கரை மாதத்தில், 1719 பிப்ரவரி 23 அன்று, சீகன்பால்க் இறந்துபோனார். வயது 36. ஆலயத்துக்குள்ளேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

ஆலயத்துக்குள்ளும் ஒரு சுவர்

எல்லாம் நல்லபடி நடந்தது என்று முடித்துவிட்டால் பாதிக் கதையைத்தான் சொன்னதாக ஆகும்.

எஜமானர் - அடிமை பேதத்தைத் தாண்டிப் பிறந்த சபைக்குள், சாதி நுழைந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே ஆலயத்தில் மேல்சாதியாருக்கு ஓர் இடம், ஒடுக்கப்பட்டவர்களுக்கு ஓர் இடம் எனப் பிரிந்து உட்கார்ந்தார்கள். மிஷனரிகளும் அதை அனுசரித்துப் போனார்கள்.

1733 டிசம்பர் 28-ல் ஆரோன் என்ற தமிழர் போதகராக அபிஷேகம் செய்யப்பட்டார். புராட்டஸ்டன்ட் திருச்சபையில் போதகரான முதல் இந்தியர் அவர். கடலூரைச் சேர்ந்தவர், வேளாளர்.

அதே காலத்தில் ராஜநாயக்கன் என்றொருவர் இருந்தார். தஞ்சாவூர் மன்னரின் படையில் வீரராக இருந்தவர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புத்தகத்தைப் படித்துவிட்டு இந்தச் சபையைத் தேடி வந்தவர். தஞ்சைப் பகுதியில் ஊர் ஊராகப் போய்ச் சபைகளை வளர்த்தவர். அடுத்த போதகராக யாரை நியமிப்பது என்ற பேச்சு வந்தபோது அவர் பெயரும் வந்தது. ஆனால், அவர் பறையர் சமூகத்தைச் சேர்ந்தவர். அவர் கையால் நற்கருணை வாங்க வேளாளக் கிறிஸ்தவர்கள் ஒப்ப மாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741-ல் டியோகோ என்பவர் போதகரானார். ராஜநாயக்கன் கடைசி வரை உபதேசியாராகவே இருந்தார்.

ஒரு விதவைக்காகச் சிறைக்குப் போன சபையின் வரலாற்றில்தான் இதுவும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அது முழு வரலாறு.

ஊரை விற்றார்கள்... சபையை?

வியாபாரம் படுத்துவிட்டது. 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் டேனிஷ்காரர்கள் விற்றுவிட்டார்கள். 225 வருடக் குடியிருப்பு முடிந்தது.

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிய சீயோன் ஆலயத்தில், கும்பிட டேனிஷ்காரர்கள் இல்லை. அது ஆங்கிலத் திருச்சபையின் கைக்குப் போனது. இன்று சி.எஸ்.ஐ. ஆலயமாக இருக்கிறது. லுத்தரன் ஆலயமாக அது இல்லை.

அடிமைகள் ஐந்து பேரில் தொடங்கிய எருசலேம் சபையோ லுத்தரன் சபையாகவே நீடித்தது. ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் அதைப் பொறுப்பேற்றது. முதல் உலகப்போரில் ஜெர்மானியர்களை ஆங்கில அரசு வெளியேற்றியபோது ஸ்வீடன் மிஷனரிகள் தாங்கிப் பிடித்தார்கள். 1919 ஜனவரி 14-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, அதாவது டி.இ.எல்.சி., சுயமான திருச்சபையாக உருவானது. தலைமையகம் திருச்சி. பேராயரின் பட்டத்தில் மட்டும் இன்றும் தரங்கம்பாடி என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1956-ல் ராஜா மாணிக்கம் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் ஆனார்.

2004 சுனாமி இந்த ஊரையும் விடவில்லை. கரையோரத்தில் பல உயிர்கள் போயின. அதன் பிறகும் புதிய எருசலேம் ஆலயத்தில் ஞாயிறு தோறும் தமிழ் ஆராதனை தொடர்கிறது.

அடுத்த முறை போகும்போது...

ராசிபுரம், நாமக்கல் பக்கத்தில் இருந்து கரூர், திருச்சி வழியாக மயிலாடுதுறைக்கு ரயில் இருக்கிறது. அங்கிருந்து தரங்கம்பாடிக்கு பஸ். திருக்கடையூர் வரை வேனில் போகிறவர்களுக்கு இன்னும் பத்து கிலோமீட்டர்கூட இல்லை.

1792-ல் கட்டிய நுழைவாயிலைத் தாண்டி உள்ளே போனால் கிங் ஸ்ட்ரீட். முதலில் சீயோன் ஆலயத்தைப் பாருங்கள். பிறகு புதிய எருசலேம் ஆலயத்துக்குள் சீகன்பால்க் கல்லறை முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஞாயிறு காலை என்றால் ஆராதனை முடியும்வரை காத்திருப்பது மரியாதை. பக்கத்திலேயே கடற்கரையில் மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல், டேனிஷ்காரர்கள் வருவதற்கு 300 வருடத்துக்கு முன்பே எழுந்தது. அதையும் தவற விடாதீர்கள்.

"எதுக்கு ரெண்டு சர்ச்?" என்று குழந்தை கேட்டால் இப்போது பதில் சொல்லிவிடலாம். ஒன்று, வந்தவர்கள் தங்களுக்காகக் கட்டியது. இன்னொன்று, அந்த வீடுகளில் வேலை செய்தவர்களுக்காக, அவர்கள் மொழியில் எழுந்தது.

வந்தவர்கள் ஊரை விற்றுவிட்டுப் போனார்கள். வேலை செய்தவர்களின் சபை இங்கேயே இருக்கிறது.