திரும்பி வந்த குரல்

சண்டிலிப்பாயில், கல்வளைப் பிள்ளையாரைத் தரிசித்துத் திரும்புங்கால், தொண்ணூறு வயதை நெருங்கும் பெரியவர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் சற்று நேரம் அமர்ந்திருந்தோம். எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' படப் பாடலொன்றை அவர் தமக்குள் பாடிக்கொண்டிருந்தார். மாணவனான பேரன் குறுக்கிட்டு, "அப்பு, அவர் மறியலாலை வந்தபிறகு நடிச்ச படத்திலை ஒரு பாட்டுப் பாடுங்கோ" என்றான். பெரியவர் நெடுநேரம் யோசித்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

1944 இல் வெளியான ஹரிதாஸ், சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். அவ்வாண்டின் இறுதியிலேயே, இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். மேன்முறையீட்டின் பயனாக 1947 இல் இருவரும் விடுதலை பெற்றனர்.

1948 இல் பாகவதரின் 'ராஜமுக்தி' வெளிவந்தது. பாபநாசம் சிவனின் பாடல்கள், சி. ஆர். சுப்பராமனின் இசை, புதுமைப்பித்தனின் வசனம், திரைக்குப் புதிதாய் வந்த எம். எல். வசந்தகுமாரியின் குரல் என எதற்கும் குறைவில்லை. ஆயினும் படம் தோல்வியுற்றது.

பாகவதரின் சாரீரம் கெட்டுவிட்டதா? இல்லை. இடைப்பட்ட காலத்தில் மக்கள் மாறியிருந்தனர். நாடு விடுதலை பெற்றிருந்தது. சமூகக் கேள்விகளை எழுப்பும் வசனங்களுக்குச் செவிகள் காத்திருந்தன. அவரோ விட்ட இடத்திலிருந்தே மீண்டும் தொடங்கினார். மீண்டும் ஓர் அரசர் கதை. மீண்டும் அதே கோலம்.

அதே சிறையிலிருந்து வந்த கலைவாணரையும் நோக்குவோம். 1949 இல் வெளியான 'நல்லதம்பி'யில் அவர் 'கிந்தனார்' காலட்சேபத்தைச் செய்தார். பழைய காலட்சேப வடிவத்தை அப்படியே கைக்கொண்டு, அதனுள் கல்வியால் உயர்ந்த ஓர் ஏழைச் சிறுவனின் கதையை வைத்தார். வடிவம் பழையது, பொருள் புதியது. மக்கள் மகிழ்ந்து ஏற்றனர்.

ஆயினும் குற்றம் முழுவதையும் பாகவதர்மீது சுமத்துதல் நியாயமன்று. இரசிகர்களாகிய நாமும் திரும்பி வருபவரிடம் நம் இழந்த இளமையையே கேட்கிறோம். அதை எந்தக் கலைஞரால் தர இயலும்? 1959 இல் பாகவதர் மறைந்தபோது அவருக்கு வயது 49 மட்டுமே. புதிய வழியொன்றைக் கண்டடைய அவருக்குக் காலமும் வாய்க்கவில்லை.

நாம் விடைபெற்று எழுந்தபோது, பெரியவர் மீண்டும் ஹரிதாஸ் பாடலையே தொடங்கினார். பேரன் இம்முறை குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.