பள்ளிக்கூடமே இனிஷியல்!

அன்புள்ள மாணவச் செல்வங்களே,



உங்கள் நோட்டுப் புத்தகத்தின் அட்டையைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். லேபிளில் பெயர் எழுதியிருப்பீர்கள். பெயரோடு ஓர் எழுத்தும் இருக்கும். அதுதான் இனிஷியல். பெரும்பாலும் அது அப்பாவின் பெயரில் உள்ள முதல் எழுத்து. அம்மாவின் பெயரையும் சேர்த்துப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நம் தாத்தாக்கள் சிலருக்கு ஊர்ப் பெயரும் முன்னால் வந்து நிற்கும்.

சரி, படித்த பள்ளிக்கூடத்தின் பெயரையே தங்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்கிறவர்களை உங்களுக்குத் தெரியுமா?

கலாமண்டலம் கிருஷ்ணன் நாயர், கலாமண்டலம் ராமன்குட்டி நாயர், கலாமண்டலம் கல்யாணிக்குட்டி அம்மா, கலாமண்டலம் கோபி, கலாமண்டலம் ஹைதரலி... இவர்கள் எல்லோரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. ஒரே பள்ளியில் படித்தவர்கள். அந்தப் பள்ளியின் பெயர் கேரள கலாமண்டலம். அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேசப் போகிறேன்.

கோயம்புத்தூரில் ரயில் ஏறி, பாலக்காடு வழியாகப் போனால் ஷொர்ணூர் சந்திப்பு வரும். அங்கே பாரதப்புழை என்ற நதி ஓடுகிறது. அது வேறு யாருமில்லை, நம் ஆனைமலைப் பக்கத்தில் பிறந்து மேற்கே போகிற நதிதான்! அதன் பாலத்தைக் கடந்தால் செறுதுருத்தி என்ற சிற்றூர். கலாமண்டலம் இருப்பது அங்கேதான்.

இந்தப் பள்ளியை உண்டாக்கியவர் வள்ளத்தோள் நாராயண மேனன். 1878ல் பிறந்தவர். நமக்கு பாரதியார் எப்படியோ, மலையாளிகளுக்கு வள்ளத்தோள் அப்படி. மகாகவி என்றுதான் அவரைச் சொல்வார்கள். அவருடைய காலத்தில் கதகளி நலிந்துகொண்டிருந்தது. அதுவரை அந்தக் கலைஞர்களுக்குச் சோறு போட்டவர்கள் ராஜாக்களும் பெரிய பண்ணை வீட்டுக்காரர்களும். அவர்களுடைய ஆதரவு குறையக் குறைய, ஆட்டக்காரர்களின் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. வயதான ஆசான்கள் மறைந்துவிட்டால் கலையும் அவர்களோடு போய்விடும் என்ற நிலை.

வள்ளத்தோள் சும்மா இருக்கவில்லை. முகுந்த ராஜா என்ற நண்பரையும் சேர்த்துக்கொண்டு, ஒரு பள்ளி தொடங்கக் கிளம்பினார். பணம் வேண்டுமே? வீடு வீடாக நன்கொடை கேட்டார்கள். போதவில்லை. லாட்டரிச் சீட்டு விற்றுப் பணம் திரட்டினார்கள்! இப்படிச் சேர்த்த காசில் 1930ல் பிறந்ததுதான் கலாமண்டலம். 1941ல் அதைக் கொச்சி அரசு ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து அது பொதுமக்களின் பள்ளி. 2006ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்ற தகுதியும் கிடைத்தது.

இப்போது ஒரு செய்தி சொல்கிறேன். கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். பாட்டும் மேளமும் ஆட்டமும் சொல்லித்தர ஒரு பள்ளியைத் தொடங்கினாரே வள்ளத்தோள், அவருக்குக் காது கேட்காது! முப்பது வயதைத் தாண்டிய சிறிது காலத்திலேயே அவருடைய செவிப்புலன் போய்விட்டது. பள்ளி தொடங்கும்போது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். தன் பள்ளிப் பிள்ளைகள் பாடிய பாட்டை அவரால் கேட்க முடியவில்லை. ஆனாலும் மற்றவர்கள் கேட்க வேண்டும் என்று ஊர் ஊராக அலைந்தார்.

தனக்குக் கிடைக்காத ஒன்று பிறருக்குக் கிடைக்கட்டும் என்று உழைக்கிறவரைவிடப் பெரிய மனிதர் யார்?

சரி, இந்தப் பள்ளியில் என்ன படிப்பு? கதகளி, மோகினியாட்டம், துள்ளல், கூடியாட்டம், செண்டை, மத்தளம், கதகளிப் பாட்டு என்று பல பாடங்கள். கதகளிக்காரர்களுக்கு முகத்தில் அரிசிமாவும் காகிதமும் கொண்டு வெள்ளை விளிம்பு கட்டுவார்களே, அதற்குச் சுட்டி என்று பெயர். அந்தச் சுட்டி வேலையும் அங்கே தனிப் பாடம். எட்டாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் சேர்கிறார்கள். அதாவது உங்களில் பலருடைய வயது. கலையோடு கணக்கு, அறிவியல், மொழிப்பாடமும் உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்வும் உண்டு. தப்பிக்க முடியாது!

"ஆட்டமும் பாட்டமும்தானே, ஜாலியான பள்ளிக்கூடம்!" என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

கதகளி கற்கும் பையன் விடியற்காலை நாலரை மணிக்கு முன்பே எழ வேண்டும். முதல் பாடம் கண்ணுக்கு! கண்ணில் நெய் விட்டுக்கொண்டு, விழியை மேலே, கீழே, வலம், இடம், வட்டம் என்று உருட்டிப் பழக வேண்டும். கதகளியில் ஆடுபவர் வசனம் பேசமாட்டார். பின்னால் நிற்பவர்கள் பாடுவார்கள். கோபம், அழுகை, பயம், கேலி எல்லாவற்றையும் ஆடுபவரின் கண்ணும் முகமும் கைகளும்தான் சொல்ல வேண்டும். 24 அடிப்படை முத்திரைகளைக் கொண்டே ஒரு முழுக் கதையையும் பேசிவிடுவார்கள். மழைக்காலத்தில் உடம்பு முழுவதும் எண்ணெய் பூசிப் படுக்க வைத்து, ஆசான் தன் காலாலேயே அழுத்தி உருவி விடுவார். உடம்பு வளைய வேண்டுமே! இப்படி ஆறு, ஏழு ஆண்டுகள் பாடுபட்டால்தான் மேடையில் ஒரு நல்ல வேடம் கிடைக்கும்.

செண்டை கற்கும் பிள்ளைக்கு முதல் நாளே செண்டையைக் கொடுத்துவிட மாட்டார்கள். கட்டையிலோ கல்லிலோ புளியங்குச்சியால் தட்டித் தட்டி, மணிக்கணக்கில் கை பழக வேண்டும். அதன் பிறகுதான் தோல் கருவி.

இவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்ததால்தான் பள்ளியின் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்கிறார்கள். அப்பா பெயர் பிறந்தவுடனேயே கிடைத்துவிடுகிறது. இந்தப் பெயரை உழைத்துத்தான் வாங்க வேண்டும்!

இந்தப் பெயரை வாங்கியவர்களில் ஒருவரைப் பற்றி உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர் கலாமண்டலம் ஹைதரலி. 1946ல் திருச்சூர் மாவட்டத்தில் ஓர் ஏழை முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். நல்ல குரல். 1957ல், 11 வயதில், கதகளிப் பாட்டுப் படிக்க வந்து சேர்ந்தார். கதகளியில் வருவது பெரும்பாலும் ராமாயணம், மகாபாரதக் கதைகள். ஆட்டம் பெரும்பாலும் கோயில் திருவிழாக்களில் நடக்கும். இதில் ஒரு முஸ்லிம் பையனுக்கு என்ன வேலை என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆசான்கள் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் பெரிய பாடகர் ஆனார்.

ஆனாலும் சில கோயில்களில் அவரை உள்ளே விடவில்லை. ஒரு கோயிலில் என்ன நடந்தது தெரியுமா? ஆட்டம் மதிலுக்கு உள்ளே. ஹைதரலி உள்ளே வரக்கூடாது. அவருடைய பாட்டும் வேண்டும். என்ன செய்வது? மதிலில் ஒரு பகுதியை இடித்து, மேடையை வெளியே நீட்டினார்கள். ஆடுபவர்கள் உள்ளே நிற்க, ஹைதரலி வெளிப்பக்கம் நின்று பாடினார்!

பிள்ளைகளே, இதை நினைத்தால் எனக்கு வருத்தமாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது. சுவரை இடிக்க மனசு வந்தது. ஒரு மனிதரை உள்ளே அழைக்க மனசு வரவில்லை! 2006ல் ஒரு சாலை விபத்தில் ஹைதரலி காலமானார். அவருடைய குரல் ஒலிப்பதிவுகளில் வாழ்கிறது. அதற்கு எந்த மதிலும் தடையில்லை.

அப்படியானால் கலாமண்டலம் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டதா? இல்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு பள்ளியைப் பாராட்டும்போது அதன் குறையையும் சொல்வதுதான் நியாயம். 1957லேயே ஒரு முஸ்லிம் சிறுவனைச் சேர்த்துக்கொண்ட அதே பள்ளி, கதகளி வகுப்பில் மட்டும் பெண் குழந்தைகளைச் சேர்க்கவில்லை. கனமான உடை, கடினமான பயிற்சி, பெண்களால் தாங்க முடியாது என்று பேசி வந்தார்கள். தாங்க முடியும் என்று பெண்கள் வெளியிலேயே காட்டிவிட்டார்கள். 1975ல் திருப்பூணித்துறையில் பெண்கள் மட்டுமே சேர்ந்து ஒரு கதகளிக் குழுவைத் தொடங்கி, எல்லா வேடங்களையும் அவர்களே ஆடினார்கள். இருந்தாலும் கலாமண்டலத்தின் கதகளி வகுப்பில் முதல் முதலாகப் பெண் குழந்தைகள் சேர்ந்தது 2021ல்தான். பள்ளி தொடங்கி 91 ஆண்டுகள் கழித்து! பெண்களுக்கு மட்டுமே என்றிருந்த மோகினியாட்ட வகுப்பில் ஆண் பிள்ளைகளும் சேரலாம் என்று 2024ல் முடிவு செய்தார்கள்.

தாமதம்தான். ஆனால் திறந்த கதவு திறந்ததுதான். பொதுப் பள்ளி என்றால் என்ன? அரசு பணம் கொடுத்தால் மட்டும் அது பொதுப் பள்ளி ஆகிவிடாது. ஆர்வமும் உழைப்பும் உள்ள எந்தப் பிள்ளை வந்து கதவைத் தட்டினாலும், "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்காமல் "வா, உட்கார்" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் அது முழுமையான பொதுப் பள்ளி.

இதையெல்லாம் எழுதும்போது என் வகுப்பில் படித்த ஒரு பையனின் நினைவு வருகிறது. கணக்குப் பாடம் நடக்கும்போது அவன் விரல்கள் சும்மா இருக்காது. பெஞ்சில் தாளம் போட்டுக்கொண்டே இருப்பான். பலமுறை எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன். இரண்டு தடவை பிரம்பாலும் அடித்திருக்கிறேன். ஒருநாள் அவன் அப்பா வந்தார். கூலி வேலை செய்பவர். "சார், பையன் எப்பப் பார்த்தாலும் தட்டிக்கிட்டே இருக்கான். தவில் கத்துக்கணும்னு ஆசைப்படறான். எங்கே சார் அனுப்பறது?" என்று கேட்டார். "முதலில் கணக்கில் பாஸாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

எனக்கு அப்போது வழி தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. செறுதுருத்தியில் கட்டையில் தட்டினால் அது பாடம். என் வகுப்பில் பெஞ்சில் தட்டினால் தண்டனை! அந்தப் பையன் தவில் கற்றானா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முப்பது வருடத்திற்கு மேல் பாடம் நடத்தியவன் நான். அந்தத் தகப்பனாரின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டது மட்டும் இன்னும் மனதை உறுத்துகிறது.

அதனால் அந்தப் பதிலை இன்றைக்கு உங்களுக்குச் சொல்கிறேன். நம் தமிழ்நாட்டிலும் பல மாவட்டங்களில் அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன. 12 வயது நிறைந்தவர்கள் சேரலாம். குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று மூன்றாண்டுப் படிப்புகள் உண்டு. உங்களுக்கு அருகில் எந்த ஊரில் பள்ளி இருக்கிறது, எப்போது சேர்க்கிறார்கள் என்று ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாவிட்டால் விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

உங்களுக்குப் பாட்டிலோ ஆட்டத்திலோ நாட்டம் இல்லையா? பரவாயில்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பனைப் பாருங்கள். பெஞ்சில் தாளம் போடுகிறானா? நோட்டின் கடைசிப் பக்கமெல்லாம் படம் வரைகிறாளா? கேலி செய்யாதீர்கள். "நல்லா இருக்கே!" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். காது கேட்காத ஒரு கவிஞர் பிறர் கேட்பதற்காகப் பள்ளி கட்டினார். காது நன்றாகக் கேட்கிற நாம், பக்கத்து பெஞ்சின் தாளத்தையாவது கேட்க வேண்டாமா?

அடுத்த வாரம் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார் தாத்தா