ஏட்டில் இல்லாதவன் நாட்டில் இல்லாதவனா?

குடும்பத்தின் பூர்வீகத்தை ஆராய்வது வேலையற்றோரின் பொழுதுபோக்கு என்றும், பழம்பெருமை பேசுவோரின் வழக்கம் என்றும் கருதுவோர் நம்மிடையே பலர் உளர். அக்கருத்துத் தவறானது. பாட்டன் யார், எங்கே பிறந்தான், எந்த நிலத்தை எவ்வாறு பெற்றான் என்னும் வினாக்களுக்குச் சான்றுடன் விடை கூற இயலாத மக்களுக்கு நேர்ந்த கதியை இந்நாடு கண்டிருக்கின்றது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இங்கு பிறந்தவனிடத்துங் கூட, தந்தையோ அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. தலைமுறைகளாக மலையகத்தில் உழைத்த இலட்சக்கணக்கான தமிழர் நாடற்றோராயினர். உழைப்புக்கு இலட்சம் சாட்சிகள் இருந்தனர். பிறப்புக்குப் பத்திரம் இல்லை.

அது மலைநாட்டின் கதை, நமக்கென்ன என்று வடபுலத்தார் இருந்துவிட முடியாது. 2025 மார்ச் 28 ஆந் திகதிய வர்த்தமானி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுள் முன்வரல் வேண்டும் என்றது. தவறின் அந்நிலம் அரச காணி எனக் கொள்ளப்படும் நிலை. ஆண்டுக்கணக்காக இடம்பெயர்ந்து, உறுதிகளையும் வீட்டையும் ஒருங்கே இழந்தவன் மூன்று மாதத்தில் எதைக் காட்டுவான்? எதிர்ப்பு எழுந்தது, உச்ச நீதிமன்றம் யூன் 27 இல் இடைக்காலத் தடை வழங்கியது. ஆபத்து அன்று விலகிற்று. அது கற்பித்த பாடம் விலகவில்லை.

தீவகத்தார் இப்பாடத்தை முதலிற் கற்க வேண்டியவர்கள். 1990 களின் தொடக்கத்தில் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு ஆகிய இடங்களிலிருந்து மிகப் பலர் இடம்பெயர்ந்தனர். இன்று தீவகத்தின் பிள்ளைகள் கொழும்பிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கின்றனர். பாட்டி வாய்மொழியாகச் சொன்ன வழித்தொடர்பு அவளுடனேயே மறைகின்றது. ஆயினும் ஏடுகள் முற்றாக அழிந்துவிடவில்லை. எங்கே தேடுவது என்பதே கேள்வி.

முதலாவது, காணி உறுதி. நொத்தாரிசு ஓர் உறுதியை நிறைவேற்றுங்கால் மூலம் உரியவரிடம் செல்கின்றது. ஒரு பிரதி அவரிடமே தங்குகின்றது. துணைப்பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுகின்றது. ஆகவே வீட்டுப் பெட்டகத்திலிருந்த உறுதி எரிந்தது என்பதால் உரிமையே எரிந்தது என்று நெஞ்சொடிய வேண்டுவதில்லை. தேடும் வழியிலும் ஒரு நுட்பம் உண்டு. நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரே முன்னிற்கும். பாட்டன் பெயரே பேரனுக்கு வரும். ஒரே ஊரில் ஒரே பெயரினர் பலர் இருப்பர். காணியின் பெயரோ எளிதில் மாறுவதில்லை. காணிப் பெயரையும், இலாச்சம் குழிக் கணக்கையும், நான்கெல்லையில் உள்ள அயலவர் பெயர்களையும் பற்றிச் செல்பவனே தன் முன்னோரைக் கண்டடைவான்.

தேசவழமை இதற்குப் பெருந்துணை. 1707 இல் ஒல்லாந்தரின் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்ததும், 1806 இல் ஆங்கிலேயர் ஏற்றதுமான அச்சட்டம், முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுத்தது. அதனால் நம் உறுதிகள் நிலம் வந்த வழியையும் கூறுவன. ஒரு சீதன உறுதியில் மணமகள், மணமகன், பெற்றோர், சில வேளைகளிற் பாட்டனார் பெயருங் கூடக் கிடைக்கும். பெண்வழித் தொடர்பைப் பிற ஏடுகள் பெரும்பாலும் மறைப்பன. சீதன உறுதி அதனை வெளிப்படுத்துகின்றது.

இரண்டாவது, பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகள். 1867 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு பிறப்பு, இறப்புக்களின் அரசாங்கப் பதிவு இங்கு தொடங்கிற்று. நயினாதீவார் வேலணைப் பிரதேச செயலகத்தையும், அனலைதீவு, எழுவைதீவு மக்கள் ஊர்காவற்றுறையையும், நெடுந்தீவார் தம் தீவின் செயலகத்தையும் நாடலாம். அதற்கு முந்திய காலத்துக்குக் கத்தோலிக்கக் கோவில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளும், கொழும்புத் தேசிய சுவடிகள் கூடத்திலுள்ள ஒல்லாந்தர் காலத்து ஏடுகளும் உள. அவ்வேடுகளைப் பார்ப்போர் பழைய பெயர்களை அறிந்திருத்தல் வேண்டும்: நயினாதீவு அவர்களுக்கு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், வேலணைத்தீவு லைடன்.

மூன்றாவது, நம் வீட்டிலேயே உள்ளவை. ஓலைச் சாதகம், கோவில் திருவிழா உபயக் கணக்கு, இறந்தோரின் நினைவாக முப்பத்தோராம் நாளில் வெளியிடும் கல்வெட்டு ஆகியன. 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் இத்தகைய வெளியீடுகள் பலவற்றைப் பேணி வருகின்றது.

பொது ஏட்டைக் கல்லிற் பொறித்த மரபு தீவகத்துக்குப் புதிதன்று. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறையில் வந்திறங்கும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பையும், உடைந்த கலத்தின் பொருளில் அரசனுக்கும் உரியவனுக்கும் உள்ள பங்கையும் வரையறுக்கின்றது. கடலோடி வந்த அந்நியனின் உரிமையும் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் நின்றது. இம்மண்ணின் உழவன் உரிமை எழுத்தில் நிற்க வேண்டாமா?

ஆகவே நாம் கோருவன மூன்று. ஒன்று, யாழ்ப்பாணப் பிரதேசம் பற்றிய ஒல்லாந்தர் ஏடுகளின் படப்பிரதிகளும் தமிழ் அட்டவணையும் யாழ்ப்பாணத்தில் வைக்கப்படல் வேண்டும். இரண்டு, நெடுந்தீவு உழவன் ஒரு பிரதிக்காகப் படகேறிக் குறிகட்டுவான் வந்து, பஸ் ஏறிப் பட்டினம் சென்று, நாளைக்கு வா என்னும் விடையுடன் திரும்பும் நிலை ஒழிதல் வேண்டும். தேடுதல் விண்ணப்பம் அவன் தீவிலேயே ஏற்கப்பட்டு, அங்கேயே பிரதி கிடைத்தல் வேண்டும். மூன்று, தமிழில் எழுதப்பட்ட உறுதியைத் தமிழறிந்தவரே தேடித் தருதல் வேண்டும். விடை தராத அலுவலகத்திடம் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எழுத்திற் கேட்க எவரும் தயங்கலாகாது.

அரசு செய்யும் வரை காத்திருப்பதும் அறிவுடைமையன்று. தீவகத்துச் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் விடுமுறை நாட்களில் ஊர்தோறும் அமர்ந்து முதியோரிடம் காணிப் பெயர்களைக் கேட்டு எழுதுக. வெளிநாட்டிலுள்ளோர் தம்மிடமுள்ள உறுதிகளின் பிரதிகளை உறவினர்க்கு அனுப்புக. நில அளவையாளன் வந்து வேலியிற் கயிறு பிடிக்கும் நாளில் ஏட்டைத் தேடுவதிற் பயனில்லை, இன்றே தேடுக.