அங்கன்வாடியில் அனைவருக்கும் இடம் உண்டா?

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் மற்றக் குழந்தைகளோடு சேர்ந்து அங்கன்வாடியில் விளையாடிக் கற்பதற்கான நெறிமுறையை, மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2023 நவம்பரில் வெளியிட்டது. குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறிவதையும் பெற்றோரை ஈடுபடுத்துவதையும் அது வலியுறுத்துகிறது. நோக்கம் பாராட்டுக்குரியது.

ஆனால், இதைச் செயல்படுத்த வேண்டியவர் யார்? எடை பார்ப்பது, உணவு வழங்குவது, செல்பேசியில் விவரங்களைப் பதிவு செய்வது, வீடு வீடாகச் செல்வது என ஏற்கெனவே பல சுமைகளைத் தாங்கும் அதே பணியாளர்தான். அவருக்கு மத்திய அரசு 2018-இல் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் ரூ. 4,500.

பெற்றோரும் குழந்தைகளும் கூடி விளையாடும் குழு தானாக அமைந்துவிடாது. ஊராரின் பேச்சுக்கு அஞ்சி வீட்டுக்குள் முடங்கிய தாயைத் தேடிச் சென்று அழைக்க வேண்டும். நடக்க இயலாத குழந்தைக்கும் ஏற்றவாறு விளையாட்டை மாற்றியமைக்க வேண்டும். முகம் சுளிக்கும் பிற பெற்றோரிடம் பொறுமையாகப் பேச வேண்டும். இதற்கு நேரமும் பயிற்சியும் உடைய ஒருவர் தேவை.

நாட்டில் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் உள்ளன. மையம்தோறும் இயலாவிட்டாலும், சில மையங்களுக்கு ஒருவர் வீதமாவது ஒருங்கிணைப்பாளரை நியமிக்க மத்திய, மாநில அரசுகள் நிதி ஒதுக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் சமத்துவம், குழந்தைப் பருவத்திலேயே தொடங்கியாக வேண்டும். அதற்கு நெறிமுறை மட்டும் போதாது.