ஐந்தாவது முட்டை

சிதம்பரம் என்றவுடனே பக்தர்களுக்குப் பொன்னம்பலம் நினைவு வரும். சாப்பாட்டுப் பிரியர்களுக்குச் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் நினைவு வரும். இரண்டையும் ஒருங்கே நினைக்கும் பாவிகளும் உண்டு. அந்தக் கோஷ்டியில் நாமும் ஒருவர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

சென்ற மாதம் சிதம்பரத்தில் இவ்விரு காரியங்களையும் முடித்துக்கொண்டு, கடலூருக்கு வந்து மஞ்சக்குப்பத்தில் ஒரு நண்பர் வீட்டில் இராத் தங்கினோம். நண்பர், அவருடைய தாயார், மனைவி, எட்டு வயதுப் பெண் குழந்தை, விருந்தினராகிய நாம், ஆக ஐந்து பேர். அன்று இரவு, கொண்டைக்கடலை மசாலாவின் நடுவே முட்டைகளை உடைத்து ஊற்றி வேகவைத்த ஓர் இருப்புச்சட்டியைக் கூடத்துக்கு அப்படியே கொண்டுவந்து வைத்தார்கள். வாசனையைப் பற்றி விவரிக்கப் போவதில்லை. படிக்கும் நேயர்களுக்கு அது பெரிய அநீதியாகும்.

நாம் இரண்டு கவளம் சாப்பிட்டிருப்போம். குழந்தை கேட்டாள்:

"அம்மா, நாம் ஐந்து பேர் இருக்கிறோம். முட்டை நான்குதானே இருந்தது?"

"எனக்கு வேண்டாமடி, கண்ணு. நான் அப்புறம் குழம்பைப் போட்டுச் சாப்பிட்டுக் கொள்கிறேன்."

"எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு ஒன்று எண்ணிப் போடுகிறார்களே!"

நண்பர் உத்தரத்தைப் பார்த்தார். நாம் நமது இலையைப் பார்த்தோம். முட்டையில் பாதி ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

குழந்தை சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. 1956-ல் காமராஜர் ஆட்சியில் பள்ளிகளில் பரவத் தொடங்கிய மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 1989-ல் கருணாநிதி ஆட்சியில் முட்டையும் சேர்ந்தது. கொண்டைக்கடலைப் புலவும் இன்று அந்தப் பட்டியலில் உண்டு. முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம். பள்ளியில் தலைக்கு ஒன்று என்று கணக்கு இருக்கிறது. வீட்டிலோ பரிமாறுகிறவளின் பங்குக்குக் கணக்கே கிடையாது. மிஞ்சினால் உண்டு, மிஞ்சாவிட்டால் ரசம்.

இதன் பலன் என்ன? 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை. காரணங்கள் பல என்பது மெய்தான். ஆயினும், சமைத்தவளுக்குச் சாரம் போய்ச் சேராமல் சக்கை போய்ச் சேருவதும் அவற்றில் ஒன்று என்பதை யார் மறுக்க முடியும்?

இனி, செய்முறை. ஐந்து பேருக்கு ஓர் ஆழாக்குக் கறுப்புக் கொண்டைக்கடலையை இரவே ஊறப்போட வேண்டும். மறுநாள் இருப்புச்சட்டியில் மூடி, மெத்தென்று வேகும்வரை வைத்திருந்து, வெந்த நீரைத் தனியே வடித்து வைத்துக் கொள்க. அதே சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, பதினைந்து சின்ன வெங்காயமும் ஆறு பல் பூண்டும் வதக்குக. பிறகு மூன்று தக்காளி, மஞ்சள்தூள், ஒரு சிறு கரண்டி மிளகாய்த்தூள், இரண்டு சிறு கரண்டி மல்லித்தூள், உப்பு. கடலை வேகுமுன் தக்காளியைச் சேர்க்கலாகாது. புளிப்புப் பட்டால் கடலை எளிதில் மெத்தென்றாகாது. தக்காளி கரைந்ததும் கடலையைப் போட்டு, ஒரு பிடியை மட்டும் மசித்து, வடித்த நீரை விட்டுக் கொதிக்க விடுக. கெட்டியானதும் கரண்டியால் ஐந்து குழிகள் செய்து, குழிக்கொரு முட்டை உடைத்து ஊற்றி, மிளகுத்தூள் தூவி மூடுக. மஞ்சட்கரு இறுகியதும் இறக்கலாம்.

இருப்புச்சட்டியில் புளிப்பு வேகும்போது இரும்பு சிறிது உணவில் இறங்குகிறது, நன்மைதான். ஆனால் மிச்சத்தைச் சட்டியிலேயே வைத்தால் கறுத்துக் கசக்கும். இலையில் எலுமிச்சை பிழிந்துகொண்டால் கடலையிலுள்ள இரும்பு உடம்பில் நன்றாய்ச் சேரும். சாப்பிட்டவுடன் காப்பியும் தேநீரும் அதைக் கெடுக்கும். ஒரு மணி நேரம் பொறுப்பது நலம்.

முட்டை தொடாத சிதம்பரத்து நண்பர்கள் வருந்த வேண்டாம். கொத்சுக்கு வாங்கிய பிஞ்சுக் கத்தரிக்காயைக் காம்போடு நான்காய்க் கீறி, வதக்கி, குழிக்கொன்றாய் வைக்கலாம். கணக்கு ஒன்றுதான்.

அன்றிரவு நண்பர் ஒன்றும் பேசாமல் எழுந்து சமையற்கட்டுக்குப் போனார். முட்டை உடையும் சத்தம் கேட்டது. பாதி ஓடும் சட்டிக்குள் விழுந்த சத்தமும் கேட்டது. அவருடைய மனைவி சிரித்துக்கொண்டே ஓட்டைப் பொறுக்கி எடுத்துவிட்டு, எங்களோடு இலை போட்டு உட்கார்ந்தார். நேயர்களும் முட்டையை உடைக்குமுன் வீட்டில் எத்தனை பேர் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள், அடுப்படியில் நிற்பவரையும் சேர்த்து.