மணி அடித்தால் எழுந்து போகத் தெரிய வேண்டும்

நம் சங்கத்துக் குடும்ப விழாவில், பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் இந்த ஆண்டும் இரண்டு பெற்றோர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "சார், பையன் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறான். எந்தக் கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்த்தால் நல்லது?" என்று கேட்டார்கள். நான் கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்த்தவன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வே சிக்னல் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவன். இருந்தாலும் மனதில் பட்டதைச் சொன்னேன். "எந்தக் கோர்ஸ் ஆனாலும் சரி, இன்டரப்ட் என்றால் என்ன என்று ஒழுங்காகச் சொல்லித் தருவார்களா என்று கேளுங்கள். தருவார்கள் என்றால் சேருங்கள்." இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு விடைபெற்றார்கள். அன்று நின்றுகொண்டே சொல்ல முடியாமல் போன விளக்கத்தை இங்கே எழுதுகிறேன்.

இன்டரப்ட் என்பதைத் தமிழில் குறுக்கீடு என்கிறார்கள். பெயரைக் கேட்டால் ஏதோ இடைஞ்சல் என்று தோன்றும். எனக்கு அது ஸ்டேஷன் மாஸ்டரின் மேஜையைத்தான் நினைவூட்டுகிறது.

ஒரு சிறிய ஸ்டேஷன். மாஸ்டர் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருக்கிறார். பக்கத்து ஸ்டேஷனிலிருந்து பிளாக் கருவியின் மணி அடிக்கிறது. எழுதிய வரியோடு பேனாவை வைத்துவிட்டு எழுகிறார். எத்தனை மணி என்பதில்தான் செய்தி இருக்கிறது. ஒன்று என்றால் போனை எடு. இரண்டு என்றால் லைன் கிளியர் கேட்கிறார்கள். மூன்று என்றால் வண்டி பிளாக் பகுதிக்குள் நுழைகிறது. நான்கு என்றால் வண்டி அதைக் கடந்து வந்து சேர்ந்துவிட்டது. ஆறு அடித்தால் ஆபத்து, பாதையில் தடை. கேட்டவர் அதே எண்ணிக்கையைத் திருப்பி அடித்து ஒப்புக்கொள்ள வேண்டும். செய்ய வேண்டியதைச் செய்து, நேரத்தைக் குறித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மாஸ்டர் மறுபடி எழுதத் தொடங்குவார்.

கம்ப்யூட்டரின் பிராசஸரும் இதையே செய்கிறது. ஏதோ ஒரு நிரலை ஓட்டிக்கொண்டிருக்கும்போது விசைப்பலகையோ, டிஸ்க்கோ, நெட்வொர்க் கார்டோ மணி அடிக்கிறது. பிராசஸர் தான் நின்ற இடத்தையும் கையிலிருந்த எண்களையும் பத்திரப்படுத்துகிறது. அழைத்தது யார் என்பதை ஓர் எண் சொல்லும். அந்த எண்ணுக்கு உரிய வேலைமுறை எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியலில் பார்த்து அங்கே போகிறது. வேலை முடிந்ததும் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. நடுவில் நிறுத்தப்பட்ட நிரலுக்குத் தான் நிறுத்தப்பட்டதே தெரியாது. ஒவ்வொரு கருவிக்கும் இந்த வேலைமுறையை எழுதி வைப்பதுதான் டிவைஸ் டிரைவர். அவை எல்லாவற்றையும் ஒரு கட்டுக்குள் வைத்து நடத்துவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கர்னல். ரயில்வேயின் ஆறு மணியைப் போல, எந்த நிலையிலும் அடக்கிவைக்க முடியாத அவசர மணி ஒன்றும் பிராசஸருக்கு உண்டு.

மணியே இல்லாமல் காலம் தள்ள முடியாதா என்றால், முடியும். மாஸ்டர் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து போய்க் கருவியைப் பார்த்துவிட்டு வரலாம். அப்படிச் செய்தால் ரிஜிஸ்டர் எழுதி முடியாது. முக்கியமான செய்தி அரை நிமிடம் தாமதமாகவும் போய்ச் சேரும். ஆகவேதான் மணி.

இனி, மணிக்கு எழுந்து போகிறவர் காக்க வேண்டிய ஒழுக்கம். இதை நான் ஒரு சிறு சம்பவத்தில் கற்றேன். பணியில் சேர்ந்த புதிதில், பெயர் வேண்டாத ஒரு ஸ்டேஷனில் கருவியைச் சோதிக்கப் போயிருந்தேன். பணியிலிருந்தவர் கன்ட்ரோல் போனை எடுத்தார். 'பார்த்துச் சொல்கிறேன்' என்று குறித்துக்கொண்டு போனை வைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், போனைப் பிடித்தபடியே பழைய கணக்கு ஒன்றைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிளாக் மணி அடித்தது, மறுபடியும் அடித்தது. வண்டியொன்று சிக்னலுக்கு வெளியே பதினோரு நிமிடம் நின்றது. விபத்து ஒன்றும் இல்லை. ஆனால் அவர் போனை எடுத்ததில் தவறில்லை, எடுத்த இடத்திலேயே முழு வேலையையும் செய்ய முயன்றதுதான் தவறு என்பது அன்று என் மனதில் பதிந்தது.

கர்னல் எழுதுபவர்களுக்கும் இதுதான் முதல் பாடம். லினக்ஸில் குறுக்கீட்டு வேலையை மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். மணி அடித்தவுடன் ஓடிப்போய், உடனே செய்தாக வேண்டியதை மட்டும் செய்து, மீதியைக் குறித்து வைத்துவிட்டுத் திரும்புவது மேல்பாதி. குறித்து வைத்ததைச் சாவகாசமாகச் செய்து முடிப்பது கீழ்பாதி. மேல்பாதி எதற்காகவும் காத்துக் கிடக்கக் கூடாது, அவர்கள் மொழியில் சொன்னால் தூங்கக் கூடாது, என்பது கண்டிப்பான விதி. அது ஓடுவது இன்னொருவரிடம் கடன் வாங்கிய நேரத்தில் அல்லவா?

மணிகள் அளவுக்கு மீறினால் என்ன ஆகும்? 1996-இல் ஜெஃப்ரி மோகல், கே. கே. ராமகிருஷ்ணன் என்ற இருவர் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நெட்வொர்க்கிலிருந்து செய்திப் பொட்டலங்கள் மிக வேகமாக வந்து குவிந்தால், ஒவ்வொன்றுக்கும் எழுந்து போவதிலேயே பிராசஸரின் நேரம் முழுவதும் போய்விடும். வாங்கியதை உரிய இடத்தில் சேர்க்க நேரமே இராது. மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும், வேலை மட்டும் ஒன்றும் நடக்காது. அவர்கள் சொன்ன தீர்வு எளிமையானது. முதல் மணி அடித்ததும் அந்தக் கருவியின் மணியை அடக்கிவிடு. குவிந்திருப்பதை நீயே போய் அளவாக எடுத்துத் தீர்த்துவிடு. தீர்ந்ததும் மணியைத் திறந்துவிடு. இந்த வழியைத்தான் பின்னர் லினக்ஸும் தன் நெட்வொர்க் பகுதியில் கைக்கொண்டது.

நெருக்கடியில் எதை விடலாம், எதை விடக் கூடாது என்று முன்கூட்டியே தீர்மானித்து வைப்பதும் இந்தக் கலையில் சேர்ந்ததுதான். 1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது 1202 என்ற எச்சரிக்கை வந்தது. ஒரு ரேடாரிலிருந்து தேவையற்ற துடிப்புகள் வந்து கம்ப்யூட்டரின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தன. அந்தக் கம்ப்யூட்டர் முக்கியமில்லாத வேலைகளைக் கைவிட்டு, இறங்குவதற்கான கணக்கை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டது. விண்கலம் பத்திரமாக இறங்கியது.

இப்போது பெற்றோர்களின் கேள்விக்கு வருகிறேன். இன்று பிள்ளைகள் நிரல் கற்கும் முறை என்ன? எழுதிப் பார், ஓட்டிப் பார், தப்பு வந்தால் திருத்து, மறுபடி ஓட்டு. இந்த முறை பல இடங்களில் செல்லும், குறுக்கீட்டில் செல்லாது. மணி எந்தக் கணத்தில் அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. மாஸ்டர் ஓர் எண்ணில் பாதியை எழுதியிருக்கும்போது மணி அடித்து, வேறொருவர் வந்து அந்தப் பாதி எண்ணைப் படித்துவிட்டால்? ஆயிரம் தடவை சரியாக ஓடிய நிரல் ஆயிரத்தோராவது தடவை விழும். ஏன் விழுந்தது என்று பார்க்க மறுபடி ஓட்டினால் விழாது. நெதர்லாந்தின் டைக்ஸ்ட்ரா 1959-இல் எழுதிய டாக்டர் பட்ட ஆய்வு எக்ஸ்1 என்ற கம்ப்யூட்டரின் குறுக்கீடுகளைக் கையாள்வது பற்றியது. திரும்ப வரவழைக்க முடியாத பிழைகள் வந்துவிடுமே என்று அஞ்சி, அந்தக் கம்ப்யூட்டரில் குறுக்கீடு வேண்டுமா என்று தாம் முதலில் தயங்கியதாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அத்தகைய மேதைக்கே அச்சம் தந்த இடம் இது. இங்கே ஓட்டிப் பார்த்துத் திருத்துவது போதாது. எழுதும் முன்பே யோசித்தாக வேண்டும். ரயில்வேயில் விபத்து நடத்திப் பார்த்து நாங்கள் சிக்னல் கற்கவில்லை. 'இந்தக் கணத்தில் இந்த ரிலே விழுந்தால் என்ன ஆகும்?' என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் கற்றோம். அந்தப் பழக்கம் பிள்ளைகளுக்கு வர வேண்டும் என்பதே என் கருத்தின் சாரம்.

இதற்குத் திருவனந்தபுரத்தை விடப் பொருத்தமான ஊர் நமக்கு எங்கே கிடைக்கும்? தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கிய 16 பிட் விக்ரம் பிராசஸர் 2009 முதல் நம் ராக்கெட்டுகளில் பறந்து வருகிறது. அதன் 32 பிட் வாரிசான விக்ரம்3201, 2025 செப்டம்பரில் டில்லி செமிகான் மாநாட்டில் பிரதமரிடம் வழங்கப்பட்டது. வேகா என்ற பிராசஸர் வரிசையை வடிவமைத்தது நம் ஊர் சி-டாக் நிறுவனம். சென்னையில் ஐஐடி செய்த சக்தி பிராசஸர் 2018-இல் லினக்ஸை ஓட்டிக் காட்டியது. சில்லு செய்துவிட்டால் மட்டும் ஆயிற்றா? மணியைக் கேட்டு நடக்கும் டிரைவர் எழுத ஆள் இல்லையென்றால் சில்லு வெறும் கல்தான்.

இன்னொரு வசதியும் இங்கே உண்டு. இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-இல் தொடங்கப்பட்டது இதே ஊரில்தான். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பயன்படுத்துவது லினக்ஸ். அதன் உள்ளே எழுதியிருப்பது எல்லாவற்றையும் காசு கொடுக்காமல் யாரும் படிக்கலாம். நம் பிள்ளைகள் தினமும் அதன் முன்னால் உட்கார்ந்து படம் வரைந்து, கடிதம் தட்டெழுதிவிட்டு எழுந்து வருகிறார்கள். உள்ளே எட்டிப் பார்க்கும்படி யாரும் சொல்வதில்லை. லினக்ஸில் 'ப்ராக்' என்ற அடைவுக்குள் 'இன்டரப்ட்ஸ்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. திறந்தால், எந்தக் கருவி இதுவரை எத்தனை தடவை மணி அடித்தது என்ற கணக்கு வரிவரியாகத் தெரியும். மடிக்கணினியாக இருந்தால் பெரும்பாலும் விசைப்பலகையின் வரியையும் அதில் காணலாம். நாலு எழுத்துத் தட்டிவிட்டு மறுபடி திறந்தால் அந்த எண் கூடியிருக்கும். ஒரு விசையை அழுத்தும்போது ஒரு மணி, விடும்போது ஒரு மணி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைக் காட்டினேன். அரை மணி நேரம் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டிருந்தது. ரிஜிஸ்டரில் முதல் கையெழுத்துப் போட்ட நாளில் எனக்கிருந்த மகிழ்ச்சி அந்த முகத்தில் இருந்தது.

மறுப்பு வரும் என்று தெரியும். "இதைப் படித்தால் வேலை கிடைக்குமா சார்? ஆப் எழுதினால் உடனே சம்பளம்." குடும்பத்தை விட்டு ஊர் தாண்டி வந்தவர்களுக்குச் சம்பளக் கவலை எவ்வளவு பெரியது என்பதை நானும் அறிவேன். டிரைவர் எழுதும் வேலைகள் எண்ணிக்கையில் குறைவு என்பதும் உண்மை. எல்லாப் பிள்ளைகளும் அதற்கே போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆறு மாதக் கோர்ஸுக்கு நகையை அடகு வைத்துப் பணம் கட்டி, அங்கே சொல்லித் தந்த ஒரு கருவி இரண்டு ஆண்டில் வழக்கொழிந்து, மறுபடி இன்னொரு கோர்ஸைத் தேடும் பிள்ளைகளை நம் குடும்பங்களிலேயே பார்த்திருக்கிறேன். மேலே உள்ளவை மாறிக்கொண்டே இருக்கும். மணி, ஒப்புதல், முன்னுரிமை, விட்ட இடத்துக்குத் திரும்புதல் ஆகியவை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மாறவில்லை. "இனி நிரலைக் கம்ப்யூட்டரே எழுதிக்கொள்ளும்" என்று இப்போது சொல்கிறார்கள். எழுதட்டும். எழுதியது எந்தக் கணத்தில் தவறும் என்று யோசித்துக் கேட்கத் தெரிந்த ஆளுக்கு அப்போது மதிப்பு கூடத்தான் செய்யும்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறையில் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் நம் அரங்கைத் தாருங்கள். பழைய கம்ப்யூட்டர் நான்கு போதும். சாலைத் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் வரட்டும், ஆங்கில வழிப் பிள்ளைகளும் வரட்டும். விளக்கம் தமிழில் இருக்கும். டெக்னோபார்க்கிலும் விண்வெளி மையத்திலும் பணிபுரியும் நம் உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ஞாயிறு வந்தால் பத்து வகுப்பு நடந்துவிடும். முதல் வகுப்பை நான் எடுக்கிறேன். கம்ப்யூட்டரைத் தொடும் முன்னால், ஒரு மேசை, ஒரு நோட்டு, ஒரு கைமணி. ஒரு பிள்ளை எழுதிக்கொண்டிருக்க, மற்றவர்கள் மாறி மாறி மணி அடிக்க வேண்டும். எழுதியது கெடாமல், எந்த மணியும் தவறாமல் வகுப்பு முடிந்தால், அடுத்த ஞாயிறு கர்னலைத் திறக்கலாம்.